மாடிப்படிக்கு அடியில் ஒரு குரோட்டன்ஸ்

“அத்தை நம்ம வீட்டுக்கு வந்தது செடிக்கு எப்படித் தாத்தா தெரிஞ்சுது?”

மகள் வயிற்றுப் பேத்தி கேட்டாள். தாத்தா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவர். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் பிடித்துவிடுவார். இந்தக் கேள்விக்கு மட்டும், “போய்ப் பாலைக் குடி” என்றார். பெரியவர்கள் தோற்றுப்போகும்போது சொல்வது அதைத்தான்.

ஊரே அப்போது குரோட்டன்ஸ் தொட்டியும் கையுமாக அலைந்துகொண்டிருந்தது. காரணம், இலையைப் பார்த்துக் குறி சொல்லும் இலைச் சாமி. இலையில் சிவப்பு ஓடினால் செல்வாக்காம், மஞ்சள் படர்ந்தால் பணமாம், புள்ளி விழுந்தால் பங்காளி கண்ணாம். எல்லாம் கலைந்து வெறும் பச்சையானால் வீட்டுக்குள் யாரோ அதிர்ஷ்டத்தைத் தின்கிறார்களாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்பவர்கள், இலை வெளுத்தால் ஆட்டோ பிடித்து ஓடினார்கள். ஒருவர் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு மனைவியை நடந்து வரச் சொன்னார்.

தாத்தா வீட்டு முற்றத்துக் குரோட்டன்ஸ், மருமகள் வந்த சில மாதத்தில் பச்சையாகிவிட்டது. பாட்டி தொட்டியைச் சாமியிடம் கொண்டுபோனாள். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும், செடி தன் மாடியில் இருக்க வேண்டும் என்றார் சாமி. மருமகள் ஒரு பெட்டியோடு போனாள். அவள் கணவன் அம்மாவின் பேச்சுக்கும் மனைவியின் கண்ணீருக்கும் நடுவில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாத்தாவும் வாய் திறக்கவில்லை. கண் அறுவைக்குப் பிறகு அவருக்கு மருந்து விட்டவள் அவள்தான். சில்லென்று இருக்கக் கூடாதென்று, புட்டியை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து விடுவாள். வழிந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுப்பாள். அந்தக் கண்ணால்தான் அவர், அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சாமி மாடியிலிருந்து சேதி வந்தது. செடி சிவந்துவிட்டது. ஆகவே அவள் இனித் திரும்பவே கூடாது.

பேத்தியின் கேள்வி தாத்தாவைத் தூங்கவிடவில்லை. செடியைப் பார்க்கப் போனார். சாமி வெளியே போயிருந்தார். சாமியின் மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மொட்டை வெயில். ஊரார் தொட்டிகளெல்லாம் தகதகவென்று நின்றன. இறங்கும்போது மாடிப்படிக்கு அடியில், இருட்டில், பச்சையாக ஒன்று கிடந்தது.

“இது யாருதும்மா?”

“எங்களுதுதாங்க. இதுவும் செக்கச்செவேல்னு இருந்துச்சு. மேல உங்க செடிங்களே அடைச்சுக்கிச்சு, இதுக்கு ஏது இடம்?”

தாத்தாவுக்கு, மருமகளின் ஸ்கூட்டருக்காக முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டது நினைவுக்கு வந்தது. அதற்கு அடியில்தான் தொட்டி இருந்தது. அந்தப் பச்சைச் செடியை இரவல் கேட்டார். தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று சாமியின் மனைவி சந்தோஷமாகக் கொடுத்தாள்.

மறுநாள் சாமி வீட்டில் குறி கேட்க வந்த கூட்டத்தில் அதை இலைச் சாமியின் முன்னால் வைத்தார். தன் மேல் நம்பிக்கை இல்லாத இந்தக் கிழவரைச் சாமிக்கு முன்பே தெரியும். அடக்க இதுதான் சமயம் என்று இலையைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தத் தடவை பொம்பளை இல்ல. வீட்டுக்குத் தலைவர். வாயைத் திறந்தா பொய். அவர் வீட்டை விட்டு வெளிய போனாத்தான் இலை சிவக்கும்.”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சாமி.”

“இலை பொய் சொல்லாது.”

“அப்ப நீங்க பெட்டியைக் கட்டுங்க. இது உங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில இருந்தது.”

சாமி சிரிக்கப் பார்த்தார். வாசற்படியிலிருந்து அவர் மனைவி, “ஆமாங்க, நான்தான் குடுத்தேன். ஏன், வாடிப்போச்சா?” என்றாள்.

கூட்டத்தில் ஒருவர், “அப்ப எங்க அண்ணன்கூட நான் எதுக்குய்யா பேச்சை நிறுத்தினேன்?” என்றார். அதற்குப் பிறகு சாமிக்குப் பேசச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அவரவர் தொட்டியைத் தேடி மாடிக்கு ஓடினார்கள்.

தாத்தா தினமும் கும்பிடுகிறவர். மெதுவாகத்தான் சொன்னார். “கடவுள் வெயிலை எல்லாருக்கும் பொதுவாத்தான் குடுத்திருக்கார். நாம அதைத் தகரம் போட்டு மறைச்சுட்டு, வீட்டுக்கு வந்த பொண்ணைக் குத்தம் சொல்றோம். செடி மங்கினா வெயில்ல வைங்க. மூளையையும் அப்பப்ப வெளிய எடுத்து வைங்க, அதுவும் ரொம்ப நாளா நிழல்லயே கிடக்கு.”

மருமகளை அழைத்துவர அன்றே பாட்டியும் மகனும் புறப்பட்டார்கள். வீட்டில் யாருமில்லை. தாத்தா, சாமி மாடியிலிருந்து மீட்டு வந்த தொட்டியைக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் வைத்தார். உள்ளே ஸ்கூட்டர் தூசி படிந்து நின்றது. சக்கரங்களுக்குக் காற்றடித்தார். பிறகு பஞ்சை எடுத்து, தண்ணீரில் நனைத்து, உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருந்தார். குளிர் விட்டதும், ஸ்கூட்டரின் கண்ணாடிகளை மெல்ல ஒற்றி ஒற்றித் துடைத்தார்.