ஜன்னலில் குவிந்த உதடு

உலகத்தில் கண்ணாடி பார்க்கிறவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். முகத்தை விட்டுவிட்டு வாயை மட்டும் பார்த்த ஒரே பிறவி, எழுபதுகளில் என்னோடு படித்த 'கண்ணாடி'தான்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் பிரெஞ்சும் மொழியியலும் சேர்த்துப் படித்தோம். இரண்டும் எதற்கு என்று கேட்காத உறவினர் கிடையாது. எனக்குப் பதில் தெரியாது. அவனுக்குத் தெரியும். பிரெஞ்சு பேசும்போது உதடு எவ்வளவு குவிகிறது என்று கண்டுபிடிக்கவே அவன் பிறந்திருந்தான். சட்டைப் பையில் சின்னக் கண்ணாடி, கையில் ஒரு நோட்டு. நின்ற இடத்திலெல்லாம் உதட்டைக் குவிப்பான்.

லஸ் பஸ் ஸ்டாப் பூக்காரம்மா ஒருநாள் பொறுமையிழந்தாள்.

"இன்னா நைனா, பொம்பளைங்க நிக்கிற எடத்துல உதட்டக் குவிச்சிக்கினு கீற? வூட்ல அக்கா தங்கச்சி இல்ல?"

வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். இவன் நோட்டைத் திறந்தான்.

"கடைசி வரிய இன்னொரு தடவை சொல்லுங்கோ. உச்சரிப்பு பிரமாதம்!"

அவள் சொன்னாள். போனஸாக நாலு வரி சேர்த்தே சொன்னாள். யார் திட்டினாலும் ஒலிக்குறிகளில் எழுதிக்கொள்வது அவன் வழக்கம். சைதாப்பேட்டை பஸ் கண்டக்டர்கள் மட்டுமே இரண்டு நோட்டுகளை நிரப்பியிருந்தார்கள்.

என் கதை வேறு. பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். "இந்தத் தடவையும் போச்சுன்னா, தி.நகர்ல சித்தப்பா கடையில சேலை மடிக்கப் போயிரு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"கவலைப்படாதேடா. நான் ஜன்னலண்டை நின்னுண்டிருப்பேன். என் வாயைப் பாத்து அப்படியே சொல்லு" என்றான் கண்ணாடி.

தேர்வாளர் பாண்டிச்சேரி அம்மையார். சிரிப்பு என்பதைக் கேள்விப்பட்டே இராதவர். முதல் கேள்விக்கே வெறும் காற்றுதான் வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, நம் ஆள் சத்தமில்லாமல் வாயசைத்தான். பார்த்துச் சொன்னேன், பிழைத்தேன். இரண்டாவது கேள்வியில்தான் வினை. தன் உதடு சரியாகக் குவிகிறதா என்று பார்க்க அந்த மகானுபாவன் கண்ணாடியை எடுத்தான். வெயில் அதில் பட்டு அம்மையாரின் மேஜைமேல் துள்ளியது. திரும்பினார். ஜன்னலில், தன்னை நோக்கிக் குவிந்த உதடு!

பிரெஞ்சில் திட்டினார் பாருங்கள், மூச்சு விடாமல். கண்ணாடி பரவசமாக எழுதிக்கொண்டிருந்தான்.

"யார் இந்தப் பைத்தியம்?" என்று அதே பிரெஞ்சில் என் பக்கம் பாய்ந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பைத்தியமில்லை, மதாம். அவன் என் நண்பன். எனக்காகத்தான் வெயிலில் நிற்கிறான். தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள்!"

பேசி முடித்த பிறகுதான், அத்தனையும் பிரெஞ்சில் பேசியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அம்மையார் பேனாவை எடுத்து எனக்குப் பாஸ் போட்டுவிட்டார். கண்ணாடியைத்தான் அடுத்த வருடம் தேர்வுக்கு வரச் சொன்னார்.

வெளியே ஓடினேன். அவன் நோட்டை நீட்டினான்.

"வருஷம் போனாப் போறது. நீ பேசினதையும் எழுதிட்டேன். என்னமாக் குவிஞ்சுதுடா உன் உதடு!"

உதட்டைத்தான் பார்த்திருக்கிறான், கிராதகன். நான் சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. எதற்கும் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ என் நண்பன்டா, கண்ணாடி.