பின்வாசல் நட்டோ

ஜின்பாச்சி நட்டோவைத் தின்று தொலைத்துவிட்டான். சாக்கே என்னும் அரிசி மது வடிக்கும் குளிர்காலத்தில் பட்டறைக்காரர்கள் அந்தப் புளித்த சோயாவின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். அதன் கிருமி கையோடு வந்து அரிசியில் ஏறினால் அந்த வருடத்துச் சரக்கு முழுவதும் பாழ்.

பின்வாசல் கல்மேல் ஒரு கிண்ணம் சோறு, மேலே நட்டோ, நடுவில் குத்தி நிறுத்திய சாப்பாட்டுக் குச்சிகள். மரியாதை தெரியாத எவனோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே தின்றான். நாக்குக்கு ஏது விவஸ்தை?

திரும்பிப் பார்த்தான். பனியில் அவனுடைய காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஆனாலும் பயம் விடவில்லை. அரிசியில் பூஞ்சணம் வளர்க்கும் அறையை அவன் பொறுப்பில் விடுவதாக மேஸ்திரி கிஹெய் வாக்குக் கொடுத்திருந்தார். விஷயம் தெரிந்தால் அறையும் போகும், வேலையும் போகும்.

வாடை போகக் குளிக்கலாம் என்று வெந்நீர்த் தொட்டியில் இறங்கினான். தண்ணீர் சில்லிட்டுப்போனது. அடுத்துக் குளிக்க வந்த கூட்டாளி மொஹெய், "எவன்டா அடுப்ப அணைச்சது?" என்று கறுவினான்.

அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அறைக்கதவருகே போய் நின்றான். உள்ளே சூடு மளமளவென்று இறங்கியது. ஆட்கள் கம்பளியோடு ஓடிவந்து அரிசியை மூடினார்கள். நட்டோ வேலையைக் காட்டிவிட்டது என்று ஜின்பாச்சிக்குக் கைகால் ஓடவில்லை.

மொஹெய்யைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். மொஹெய் பிடரியைத் தடவிக்கொண்டு, ஏதோ மந்திரத்தை முணுமுணுத்தபடி வேகமாக நடந்துவிட்டான். கூட்டாளியே முகம் கொடுக்காதது ஜின்பாச்சிக்கு அழுகையை வரவழைத்தது.

இனி மேஸ்திரியின் காலில் விழுவதுதான் வழி. பின்வாசலில் நின்றிருந்த அவர் முன்னால் நெற்றி தரையில் படக் குப்புற விழுந்தான். அவரோ அவனைக் குனிந்தும் பார்க்காமல், கல்மேல் இருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழித்துத் தின்ற கிண்ணம் வைத்தபடி நிறைந்திருந்தது.

"பட்டறை வாசல்ல நட்டோவா? யாரு வச்சது?"

சமையற்காரி ஒட்சுனே கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நான்தாங்க மேஸ்திரி. போன மாசம் நொதிக்கிற தொட்டியில விழுந்து செத்தானே நம்ம ஜின்பாச்சி, குளிர்காலம் பூரா இதுக்குத்தான் ஏங்கிக் கெடப்பான். இனிமேயாச்சும் பயமில்லாம தின்னட்டும்னு, செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரி குச்சிய நட்டுப் படைச்சேன்."