ஒன்பதாம் கட்டை வெள்ளைச்சி

சந்தை நாளில் தெல்தெனியவுக்கு மரக்கறி வாங்க வருகிற கூட்டம் பெரிது. அதைவிடப் பெரிது, திவாகர சுவாமிகளின் தகரக் கொட்டகைக்கு முன்னால் நிற்கிற கூட்டம். வேன்கள், ஆட்டோக்கள், தேயிலைக் கொழுந்து லொறிகள், ஒரு தண்ணீர் பவுசர், கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகிற கார் ஒன்று. எல்லாம் மூஞ்சியைக் கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டு பயபக்தியோடு வரிசையில் நின்றன. உள்ளே சுவாமிகள் பல்புக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார்.

ஆமாம், பல்புக்குத்தான். வண்டியின் ஹெட் லைட்டில் போடுகிற எல்ஈடி பல்பு. அதற்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, மூன்று முறை ஊதி, டிரைவரின் கையில் கொடுப்பார். கிறிஸ்தவ டிரைவர் வந்தால் விபூதிக்குப் பதில் சிலுவை ஸ்டிக்கர். பௌத்தர் வந்தால் வெள்ளை நூல். முஸ்லிம் டிரைவர் வந்தால் ஒன்றும் ஒட்டாமல் ஊதுவது மட்டும். மதங்கள் வேறு வேறு, ஹோல்டர் ஒன்றுதானே!

எல்லாம் வெள்ளைச்சி செய்த வேலை. தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவுக்கு மலையேறும்போது ஒன்பதாம் கட்டையில், மைல்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு வளைவு இருக்கிறது. காலையிலும் மாலையிலும் பனி இறங்கி நிற்கும். அங்கே ஒரு நாள் ஒரு வேன் மண்மேட்டில் முட்டியது. டிரைவர் தூங்கிவிட்டார். தூங்கிவிட்டேன் என்று முதலாளியிடம் சொல்ல முடியுமா? "வெள்ளையா ஒரு பொம்பள குறுக்க வந்தா மொதலாளி" என்றார். பேய் பிறந்த கதை இவ்வளவுதான். பிரசவம் பார்த்தவர் அந்த டிரைவர், பால் ஊற்றி வளர்த்தவர் நம் சுவாமிகள்.

சுவாமிகள் அப்போது சுவாமிகள் இல்லை. கண்டியில் சீட் கவர், ஸ்டிக்கர், பல்பு விற்கிற திவாகரன். எல்ஈடி பல்புகள் பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தன. வெள்ளைச்சியின் செய்தி காதில் விழுந்த அன்றே அவர் கனவில் ஒரு ஜோதி தோன்றி, "மகனே, அவளை விரட்டும் ஒளி உன் கடையில் இருக்கிறது" என்றதாம். எந்தத் தட்டில் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கும்.

சுவாமிகளின் உபதேசம் சின்னது. வளைவில் வெள்ளைச்சி தெரிந்தால் லைட்டைக் குறைக்கக்கூடாது. குறைத்தால் உன்னைக் கோழை என்று நினைத்து மேலே பாய்வாள். ஃபுல் லைட்டைப் போடு. "ஓம் பளீர் பளீர் ஸ்வாஹா" என்று விடாமல் சொல்.

அதிசயம் என்னவென்றால், சுவாமிகள் பல்பு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் வெள்ளைச்சி ஒழுங்காக வேலைக்கு வரத் தொடங்கினாள். முன்பு கண்டவர் ஒரே ஒருவர். அடுத்த மாதம் பத்துப் பேர் கண்டார்கள். அதற்கடுத்த மாதம் காணாதவனைத் தேட வேண்டியிருந்தது. பல்பு பெருகப் பெருக வெள்ளைச்சியும் பெருகினாள். ஜனங்கள் இதை யோசித்திருக்க வேண்டும். யோசித்தார்கள். இன்னும் பெரிய பல்பு வேண்டும் என்று யோசித்தார்கள்.

அப்படி யோசித்தவர்களில் ஒருவர் கறுப்பையா. ஹுன்னஸ்கிரியவிலிருந்து பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு இறங்குகிற வேன் அவருடையது. நல்ல மனிதர். பீடி, சாராயம் கிடையாது. பயம் மட்டும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக்குள் நுழையும்போதே குதித்துக்கொண்டு வந்தார்.

"கலா! இன்னைக்கு அவள ஓட வச்சிட்டேன்!"

மனைவி கலாராணி கதிரையில் உட்கார்ந்திருந்தாள். தெல்தெனியவில் தையல் நிலையத்தில் வேலை. இடது முழங்காலில் பெரிய கட்டு. கறுப்பையா அதைக் கவனிக்கவில்லை. பேயை ஜெயித்தவனுக்கு முழங்கால் எல்லாம் கண்ணில் படுமா?

"யார ஓட வச்சீங்க?"

"வெள்ளைச்சிய! டியூஷன் புள்ளைங்கள ஏத்த கீழ எறங்கிறேன், வளைவுல நிக்கிறா. ஒத்தக் கண்ணு. பயந்து போனா மஞ்சளா மாறுவான்னு சாமி சொன்னாருல்ல, அப்புடியே மஞ்சளு! நான் விடல. ஃபுல் லைட்டப் போட்டு மந்திரத்தச் சொன்னேன். ஆடுனா, அசஞ்சா, ரோட்டோரக் கானுக்குள்ள விழுந்து மறஞ்சே போயிட்டா."

"எத்தன மணிக்கு?"

"அஞ்சரை இருக்கும்."

"விழும்போது சத்தம் கித்தம் போட்டாளா?"

"போட்டா! 'அடப் பாவி'ன்னு ஒரு பொம்பளக் கொரல். எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு."

கலாராணி கட்டுப் போட்ட காலைத் தூக்கி அவர் முன்னால் நீட்டினாள்.

"அந்தப் பேய் நான்தாங்க. லூக்காஸ் ஆட்டோவுல வந்துகிட்டிருந்தேன். எதிர்ல பளீர்னு ஒரே வெள்ள. ரோடே இல்ல. அவன் கண்ணப் பொத்திக்கிட்டு ஒடிச்சான், கானுக்குள்ள கெடந்தோம். அப்பறம் கேட்டிச்சு பாருங்க, ஒங்க பாட்டு ஹோர்ன்! அந்த ஹோர்ன் இந்த மலையில வேற எவன்கிட்ட இருக்கு?"

கறுப்பையா இரவெல்லாம் யோசித்தார். பிறகு ஒரு புத்திசாலி செய்ய வேண்டியதைச் செய்தார். மறுநாள் சுவாமிகளிடம் போய்க் கேட்டார்.

சுவாமிகள் கண்ணை மூடித் திறந்து சொன்னார்: "மகனே, அவள் உன் மனைவியின் உருவத்தை எடுக்கத் துணிந்துவிட்டாள். வீட்டில் இருப்பவள் உன் மனைவிதானா என்று பார்த்துக்கொள். சனிக்கிழமை மாலை வளைவிலேயே அவளைக் கட்டிப்போடும் பூசை வைக்கிறேன். அன்று மகாஜோதி என்ற புதுப் பல்பு வருகிறது. இதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம்."

கறுப்பையா வீட்டுக்கு வந்து கலாராணியின் கால்கள் தரையில் படுகின்றனவா என்று குனிந்து பார்த்தார். பட்டன. கட்டுப் போட்ட காலும் பட்டது.

இருபது வருடம் கூட வாழ்ந்தவன் தன் காலைக் குனிந்து பார்க்கிறான்! கலாராணிக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அவள் சத்தம் போடவில்லை.

"என்னைய நம்பாட்டி போகட்டும். காலையில பதினாலு புள்ளைங்களோட அதே வளைவுலதான் போறீங்க. எதிர்ல வர்றவனும் இதே பல்பப் போட்டிருந்தா? அவனுக்கு நீங்க வெள்ளைச்சி, ஒங்களுக்கு அவன் வெள்ளைச்சி. ரெண்டு பேரும் மந்திரம் சொல்லிகிட்டே நேருக்கு நேரா வருவீங்க. நம்ம கான்ல விழுந்தோம், தப்பிச்சோம். அந்தப் பக்கம் பள்ளம்ங்க."

"சாமி சொன்னா..." என்று முனகிக்கொண்டே அவர் வேனைக் கழுவப் போய்விட்டார்.

ஆட்டோக்கார லூக்காஸ் முன்பு கண்டி மஹய்யாவவில் ஒரு கராஜில் வேலை செய்தவன். வெள்ளிக்கிழமை அவன் ஆட்டோவை நிமிர்த்திக் கழுவிக்கொண்டிருந்தபோது கலாராணி நொண்டிக்கொண்டே போய்க் கேட்டாள்.

"இதுல மந்திரம் என்னா அக்கா இருக்கு?" என்றான் லூக்காஸ். "நம்ம பழைய வண்டி லாம்பெல்லாம் மஞ்சப் பல்புக்குன்னு செஞ்ச கிண்ணம். அதுக்குள்ள இந்தச் சாமானச் சொருகினா வெளிச்சம் ரோட்டுல விழாது, செதறி எதிர்ல வர்றவன் கண்ணுல விழும். பனியில பட்டா திரும்பி நம்ம கண்ணுலயும் விழும். எல்ஈடிக்குன்னு செஞ்ச லாம்புல போட்டா நல்ல சாமான்தான். ஆனா யாரு கேக்குறா? கண்ணு கூசினா சக்தின்னு நெனைக்கிறானுங்க."

"நீயும் ஒண்ணு வாங்கிட்டு வா தம்பி."

"எதுக்கு அக்கா?"

"ஒரு பேய் தேவைப்படுது."

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி. ஒன்பதாம் கட்டையில் பனி வழக்கம்போல இறங்கிவிட்டது. வளைவுக்கு மேலே மண்மேட்டில் இருநூறு பேர். இரண்டு பக்கமும் இளந்தாரிகள் சிவப்புத் துணி காட்டி வாகனங்களை மறித்தார்கள். நான்கு திசைக்கும் தேங்காய் உடைந்தது. ரோட்டில் பிழிந்த தேசிக்காயை ஒரு கறிக்குப் பிழிந்திருந்தால் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சனமே சாப்பிட்டிருக்கும். சுவாமிகள் காவி வேட்டியின் மேல் ஜெர்சி போட்டிருந்தார். சக்தி இருந்தாலும் குளிர் குளிர்தானே.

"பக்தர்களே, இன்று முதல்..." என்று அவர் தொடங்கியபோது கலாராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கை கூப்பினாள்.

"சாமி, ஒரு வேண்டுதல். எங்க வேனு அந்தா வளைவப் பாத்து நிக்கிது. உள்ள இருக்குறது நீங்க ஊதிக் குடுத்த பல்புதான். நீங்களே முன் சீட்டுல ஏறி ஒக்காருங்க. வெள்ளைச்சி வந்தா எங்க கண்ணு முன்னால நீங்களே வெரட்டிக் காட்டணும். பாத்துட்டா சனங்களுக்கு நம்பிக்க வரும்ல?"

"ஆமா சாமி! ஏறுங்க சாமி!" என்றது கூட்டம்.

சுவாமிகள் சிரித்தார். ஏன் சிரிக்கமாட்டார்? அந்த இருநூறு பேரில் வெள்ளைச்சி வரமாட்டாள் என்று உறுதியாகத் தெரிந்த ஆள் அவர்தான். கம்பீரமாக ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் கறுப்பையா. வேன் நின்ற இடத்திலேயே உறுமியது.

"வருவாளா என்று பார்ப்போம் மகனே" என்றார் சுவாமிகள். "வந்தால் தெரியும் சேதி."

கலாராணி முந்தானைக்குள் கைபேசியில் ஒரு வார்த்தை பேசினாள்.

வளைவின் அந்தப் பக்கம், பனிக்குள்ளிருந்து, அவள் எழுந்தாள். வெள்ளை. பளீர். தலை இல்லை, கால் இல்லை, ரோட்டின் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு நின்றாள். மேட்டில் இருந்த இருநூறு பேரும் "ஐயோ!" என்றார்கள்.

சுவாமிகளின் சிரிப்பு இறங்கிப் போனது. இல்லாத பேய் வந்து நின்றால் அதை விற்றவனுக்கு எப்படி இருக்கும்?

"மந்திரம் சொல்லுங்க சாமி!" என்று கறுப்பையா அலறிக்கொண்டே ஃபுல் லைட்டைப் போட்டார். பனி வெளிச்சத்தை வாங்கித் திருப்பி முகத்தில் அடித்தது. முன் கண்ணாடி முழுவதும் வெள்ளைச் சுவர்.

"ஓம் பளீர்... பளீர்..." சுவாமிகள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினார். உபதேசத் தமிழ் எங்கேயோ ஓடிவிட்டது. "டேய், லைட்டக் கொறடா! ஒரு மண்ணும் தெரியல! கொறடா மடையா!"

கறுப்பையா திரும்பி அவரைப் பார்த்தார்.

"கொறச்சா பாய்ஞ்சிடுவான்னு நீங்கதான சாமி சொன்னீங்க?"

கலாராணி கைபேசியை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி அதில் சத்தமாகச் சொன்னாள்.

"வெள்ளைச்சி, கொஞ்சம் போம்மா."

வெள்ளைச்சி மறைந்தாள். வெறும் பனி.

"திரும்ப வாம்மா."

வந்தாள்.

"போ."

போனாள். மூன்று மாதமாக சுவாமிகளின் எந்த மந்திரத்துக்கும் அடங்காத பேய், தையல்காரியின் வார்த்தைக்குப் போய்ப் போய் வந்தது. கூட்டத்தில் யாரோ கலாராணியைப் பார்த்தும் கும்பிடப் பார்த்தார்கள்.

"கும்பிடாதீங்க! நடந்து வந்து பாருங்க!"

இளந்தாரிகள் முதலில் போனார்கள், பின்னால் மற்றவர்கள். வளைவுக்கு அப்பால் ஆட்டோ ஒன்று நின்றது. அதன் ஒற்றை லாம்பில் சிலுவை ஸ்டிக்கர் ஒட்டிய பல்பு. பக்கத்தில் கொழுந்துச் சாக்கோடு லூக்காஸ். சாக்கைப் போட்டால் பேய் இல்லை, எடுத்தால் பேய் உண்டு. வெள்ளைச்சிக்கு மீசையும் இருந்தது.

"இது யாரு குடுத்த பல்பு தம்பி?" என்று கேட்டாள் கலாராணி.

"சாமிதான் அக்கா. நேத்துப் பின்னேரம். மூணு தரம் ஊதினாரு."

கூட்டம் பல்பைக் குனிந்து பார்த்தது. ஒவ்வொருவனும் தான் பார்த்த வெள்ளைச்சியை நினைத்துக்கொண்டிருந்தான். எந்த மாலை, எத்தனை மணி, எதிரே எந்த லொறி வருகிற நேரம் என்று.

அதற்குள் சுவாமிகள் வேனிலிருந்து இறங்கித் தன் காரை நோக்கி நழுவினார். அவசரத்தில் காரைக் கிளப்பி லைட்டைப் போட்டார். பனிக்குள் ரோடு கோடு போட்டதுபோலத் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம்.

கறுப்பையா ஓடிப்போய்க் காரின் முன்னால் நின்றார்.

"சாமி. ஒங்க வண்டியில ஏன் பழைய பல்பு?"

"அது... எனக்கு..." சுவாமிகள் சுற்றிலும் பார்த்தார். இருநூறு முகங்கள். வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. "எனக்கு வீடு போய்ச் சேரணும்லப்பா."

உண்மை அந்த மனிதரின் வாயிலிருந்து வந்தது அது ஒரு தரம்தான். கறுப்பையா அவரை அடிக்கவில்லை. வேனுக்குத் திரும்பிப் போய், இரண்டு பல்புகளையும் பிடுங்கி, சீட்டுக்கடியில் கிடந்த பழைய பல்புகளை மாட்டிவிட்டு, பிடுங்கியதைக் காரின் பானட்டில் வைத்தார். வரிசையாக மற்ற டிரைவர்களும் அப்படியே மாற்றி வைத்தார்கள். பிறகு அவர் கலாராணியின் பக்கத்தில் வந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா புள்ள?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துக் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? தண்ணீர் பவுசர் டிரைவர் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"சாமி, அப்ப அந்த மஞ்சப் பல்பயாவது கொஞ்சம் மந்திரிச்சுத் தருவீங்களா?"

கலாராணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே! மூணு மாசமா எதிர்ல வர்றது பேயா பேயான்னு கேட்டீங்களே, எதிர்ல வர்றவனுக்கு நம்ம யாருன்னு ஒருத்தராவது யோசிச்சீங்களா?"

பவுசர்காரர் தலையைச் சொறிந்துகொண்டே பவுசரில் ஏறினார். அன்று மாலை ஒன்பதாம் கட்டையைக் கடந்த வண்டிகள் ஒன்றையொன்று கண்டதும் லைட்டைக் குறைத்தன. வெள்ளைச்சி வரவில்லை. நீங்கள் எப்போது குறைக்கப் போகிறீர்கள்?