லோயிஸுக்கு பைத்தான் பாடம்

எட்வர்ட் பொய் சொல்ல மாட்டார். சொன்னால் மாட்டுவார்.

பேகம்பேட்டில் அவருடைய ஆபீஸில் திடீரென்று ஓர் உத்தரவு. கணக்குப் பிரிவில் எல்லோரும் பைத்தான் என்னும் கம்ப்யூட்டர் மொழியில் தேற வேண்டும், தேறாதவருக்கு நாக்பூர் கிளை. நாக்பூர் நல்ல ஊர்தான். ஆனால் அங்கே லோயிஸ் இல்லையே. அவளுடைய வேலை செகந்திராபாத்தில். அவளைப் பிரிந்து ஒரு கிறிஸ்துமஸ் கூடக் கழித்தறியாத மனுஷன், அவளிடம் சொன்னால் கவலைப்படுவாள் என்று பாடப் புத்தகத்தை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அரிசி டிரம் யாருடைய ராஜ்யம் என்று யோசிக்கவில்லை.

"இது யாருக்கு?" புத்தகத்தின் மேலிருந்த மாவைத் தட்டினாள் லோயிஸ்.

"உனக்குத்தான். சொல்லிக்கொடுக்கலாம்னு வாங்கினேன்."

"கைக்கு? எனக்கு எதுக்கு இதெல்லாம்?" ஹைதராபாத் பேச்சு அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"காலம் மாறுதில்ல? நீயும் தெரிஞ்சுக்கணும்."

"சரி, பீன்ஸ் நறுக்கிட்டே கேக்கறேன். ஆரம்பிங்க."

அன்று முதல் தினமும் சாயங்காலம் வகுப்பு. அப்படி ஒரு மந்தமான மாணவியை உலகம் கண்டதில்லை.

"இஃப் மழைன்னு எழுதி, கடைசில மேலும் கீழுமா ரெண்டு புள்ளி. அடுத்த வரி 'குடை எடு'. அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதணும்."

"தள்ளலைன்னா?"

எட்வர்டுக்குத் தெரியாது. போனும் கையுமாக பாத்ரூமுக்குப் போய்த் திரும்பினார். "ஓடவே ஓடாது. உள்ளே இருந்தாதான் அந்த வரி மழைக்குச் சொந்தம்."

"அதுக்கும் கீழே 'டீ போடு'ன்னு தள்ளாம எழுதினா?"

மறுபடி பாத்ரூம். "மழை வந்தாலும் வராட்டியும் டீ உண்டு."

"ஹவ், ஆமா, நம்ம வீடு மாதிரி. ஈக்குவல் குறி ஒண்ணு போட்டா என்ன, ரெண்டு போட்டா என்ன?"

இன்னொரு பாத்ரூம். "ஒண்ணு போட்டா கொடுக்கறது. ரெண்டு போட்டா, ரெண்டு பக்கமும் சமமான்னு கேக்கறது."

"குழம்புது. முதல்லேருந்து சொல்லுங்க. அதுக்கு முன்னாடி இந்த ஓமத் தண்ணியைக் குடிங்க, வயிறு சரியில்லை போலிருக்கு."

அவளுடைய அசட்டுக் கேள்விகளெல்லாம் சொல்லிவைத்தாற்போல் அவருக்குத் தெரியாத இடத்திலேயே போய் விழுந்தன. பாவம், மரமண்டை என்று எட்வர்ட் இரக்கப்பட்டார். இரக்கப்பட்டு, பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

பரீட்சையில் எட்வர்ட் தேறிவிட்டார். உஸ்மானியா பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்து நாக்பூர் கதையைச் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோயிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

ஹாஸ்டலிலிருந்து மகள் எமி போன் செய்தாள். எட்வர்ட் ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் பாஸ். அம்மாவுக்குத்தான் இன்னும் ஒண்ணும் ஏறலை. நாளைக்கு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கறேன்."

"டாடி, சீரியஸ்லி? ஸ்கூல்ல எனக்கு பைத்தான் டீச் பண்ணதே மம்மிதான்."

எட்வர்ட் திரும்பிப் பார்த்தார். லோயிஸ் நிதானமாக பிஸ்கட்டை டீயில் நனைத்தாள்.

"சர்ச் சண்டே கிளாஸ்ல பைபிள் வசனம் மனப்பாடம் வராத பிள்ளையைத்தாங்க நான் எப்பவும் டீச்சரா நிக்க வைப்பேன்."