பெரியப்பாவின் மீனுக்கு வால் இல்லை

கோலா திரங்கானு
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய சித்திக்கு,

வாஃபியாவின் சலாம். நீங்கள் கோலாலம்பூரில் நலமாயிருக்க துஆ செய்கிறேன். இதைப் படித்த பிறகும் நலமாயிருக்க இன்னொரு துஆ தனியாகச் செய்திருக்கிறேன்.

இன்று சுல்ஃபாட்லி வீட்டார் உங்களைப் பெண் கேட்டு வந்தார்கள். அவருடைய பெரியப்பா வெற்றிலைத் தட்டை நகர்த்தி, "உங்க தோட்டத்துப் பூவுக்கு வேலி போட்டாச்சா?" என்றதும் தாத்தாவே சிரித்துவிட்டார். பெசுட் பக்கத்து மாப்பிள்ளை கூடாது, அவர்கள் நம் மாநிலத்தில் இருந்துகொண்டு கிளந்தான் பேச்சுப் பேசுகிறவர்கள் என்பது தாத்தாவின் பிடிவாதம். அதற்காக நீங்கள் இரண்டு வாரம் தொலைபேசியில் பெசுட்காரர்களான சுல்ஃபாட்லி வீட்டாருக்கு நம் ஊர்ப் பேச்சைப் பழக்கியது எனக்கு மட்டும் தெரியாது. பெரியப்பா மீனை நம்மைப் போலவே 'ஈக்காங்' என்றார். நாம் 'ங்' போடாத இடத்திலும் போட்டார். ஊர் ஊராகப் பேச்சைக் குறித்துவைக்கும் என் நோட்டு இடுப்பில் இருந்தது, குழம்புச் சட்டி கையில் இருந்தது, புத்திதான் எங்கேயோ இருந்தது, கொதிக்கிற மீன்துண்டு ஒன்று அவர் முழங்காலில் விழுந்தது, அவர் "யா அல்லாஹ், ஈக்கே!" என்று அலறினார்.

"ஐயா, நீங்க பெசுட்டுதானே! 'ங்'க விட்டு மீனோட வால வெட்டிட்டீங்களே!" என்று நான் கைதட்டினேன், சித்தி. வகுப்பில் சரியான விடை சொன்னவள் மாதிரி பாராட்டுக்குக் காத்தும் நின்றேன்.

தாத்தா எழுந்து கோழிக்கூட்டுப் பக்கம் போய்விட்டார். அம்மா கிள்ளி, "குழம்ப ஊத்தச் சொன்னா மானத்தை ஊத்திட்டியேடி" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவோ, "விடுங்க, கெட்டிக்காரப் பொண்ணு" என்று என் தலையைத் தடவினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. நாள் குறிக்காமலே எல்லோரும் காருக்குப் போய்விட்டார்கள். கார் இன்னும் கிளம்பவில்லை. உள்ளே என்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஜன்னல் பக்கம் போக முகமில்லை. நோட்டை அடுப்பில் போடப் போகிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு என்னைவிட நல்ல அக்கா மகளைத் தரட்டும்.

இனி வாய் திறக்காத,
வாஃபியா

பி.கு.: கார் கிளம்பாததற்குக் காரணம், பெரியப்பாவைக் காணவில்லை. தேடிப் போனேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் அவரும் தாத்தாவும் குந்தி உட்கார்ந்து, ஒரு 'ங்'கூட இல்லாமல் பெசுட் பேச்சில் பொரிந்து தள்ளுகிறார்கள்! தாத்தா என்னைப் பார்த்து, "என்னடி முழிக்கிற? இவன் பெசுட்ல எங்க தெருடி. அம்பது வருஷமா வாயக் கட்டிவச்சிருந்தேன், போதும்" என்றார். ஹரி ராயா பெருநாள் முடிந்து இரண்டாம் வெள்ளி உங்கள் நிச்சயதார்த்தம். அடுப்பில் போட்ட நோட்டைக் கருகுமுன் எடுத்துவிட்டேன். தாத்தா கோழி விரட்டும்போது சொல்லின் வால் வெட்டிப் பேசுவதை முதல் பக்கத்திலேயே எப்போதோ எழுதியிருக்கிறேன், சித்தி. பக்கத்தில், 'காரணம்: பொய்ப்பல்' என்று குறித்திருக்கிறேன்.