மெர்லோவுக்கு அதிர்ச்சி ஆகாதாம்

என் தையல் மெஷினையே வாயடைக்க வெச்சது யாரு தெரியுமா? ஒரு பாட்டில்!

மாப்பிள்ளை கொண்டுவந்த ஒயின். மெர்லோவாம். ஏதோ மலை மேல துளியூண்டு திராட்சைத் தோட்டமாம், வருஷத்துக்கு நானூறே பாட்டிலாம். "ரெண்டு பேருமா குடிங்க அத்தை"ன்னு என் கையிலதான் கொடுத்தாரு. எங்க வீட்டுக்காரர் வெடுக்குன்னு வாங்கிக்கிட்டாரு.

"இதைப் பத்து வருஷம் படுக்க வெச்சாத்தான் ருசி."

"உங்களுக்கு எழுபத்திநாலு."

"அதனால?"

என்னத்தச் சொல்ல! எங்க சின்ன அத்தை இப்படித்தான். புதுக் குடை நனைஞ்சிடும்னு அதைச் சேலைக்குள்ள சுருட்டிக்கிட்டு மழையில நனைஞ்சே வருவா. ஒரு மாசம் காய்ச்சல்ல கிடந்தா. குடை ஜம்முனு இருந்துச்சு. அது கிடக்கட்டும்.

வீட்டுல வெயில் படாத அறை என் தையல் அறை ஒண்ணுதான். அங்க மெஷினை ஒட்டின அலமாரியில பாட்டிலைப் படுக்க வெச்சாரு.

"இனிமே மெஷினை மிதிக்காதே. ஒயின் அதிரும்."

"மாடி டாக்டரம்மாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு வெள்ளைக் கோட்டு தைக்கணும்!"

"கையால தை."

"பத்து வருஷமா?"

"பொறுமை வேணும்டி."

"சரி, திறக்கும்போது எனக்கும் உண்டா?"

"உனக்கு ருசி தெரியாது. வீணாயிடும்."

நாப்பத்தாறு வருஷமா நான் ஆக்கிப்போட்டதைத் தட்டை வழிச்சுத் தின்னுட்டு, எனக்கு ருசி தெரியாதாம்!

மனுஷன் வேலை பார்த்தது எடை அளவு ஆபீஸ்ல. கடைகடையாப் போய்ப் படிக்கல்லையும் எண்ணெய் அளவையும் சோதிக்கிற இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆனா மட்டும் புத்தி போகுமா? வேலையில இருந்தப்பவும் வீட்டுல இதே கதைதான்: எங்க மக பொறந்தப்போ, பால்புட்டியில கோடு மயிரிழை மேல இருக்குன்னு கம்பெனிக்கு மூணு கடுதாசி. புள்ள பசியில வீறிடுது, இவரு உறைக்குப் பசை தேடுறாரு!

வியாழக்கிழமை காலையில, ஒரு கோட்டைக் கையால தைச்சு முடிக்கிறதுக்குள்ள விரல் சல்லடையாயிடுச்சு. பாட்டிலை எடுத்துக்கிட்டு, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தவர்கிட்ட நேரா போனேன்.

"ஏங்க, கழுத்துல இவ்வளவு காலியா இருக்கே?"

"எல்லாம் அப்படித்தான் இருக்கும். ஆட்டாதே!"

"பாவம், சின்னத் தோட்டம். கையாலதான் ஊத்துவாங்களாம், மாப்பிள்ளை சொன்னாரு."

பேப்பர் மெள்ளக் கீழ இறங்குச்சு.

"கையாலயா?"

"கண்ணளவு போல. மேல எழுநூத்தம்பது மில்லின்னு போட்டிருக்கு. எனக்கென்ன தெரியும்."

"கண்ணளவா! எவன் கொடுத்தான் அனுமதி?"

அவ்வளவுதான். பரண்லேர்ந்து கோடு போட்ட கண்ணாடிக் குடுவை இறங்குச்சு. கார்க்கு டொப்புன்னு வந்துச்சு. குடுவையை மேஜையில வெச்சு, குனிஞ்சு, கண்ணைக் கோட்டுக்கு நேரா நிறுத்தி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஊத்தினாரு. ஒரு சொட்டு சிந்தலை, அதையும் சொல்லணும்.

"எழுநூத்தம்பது! கச்சிதமா இருக்கு! நேர்மையான ஆளுங்கடி!"

முகமெல்லாம் பல்லு. அப்புறம் குடுவையைப் பார்த்தாரு. கையிலிருந்த கார்க்கைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு.

"ஐயையோ, திறந்துட்டேனே!"

நான் அதுக்குள்ள மெஷின்ல உட்கார்ந்து ஊசியில நூல் கோத்தாச்சு.

"அளந்ததுதான் அளந்தீங்க, அப்படியே சரிபாதியாப் பிரிச்சு என் பங்கை இங்க கொண்டாந்து வெச்சிடுங்க."