சவ்வில் ஏறிய உப்பு

ஒரகடம்,
சனிக்கிழமை மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த ஜெபர்சன் மாமாவுக்கு,

ஒன்பதாம் வகுப்பு எவாஞ்சலின் எழுதிக்கொள்வது. ஓசூரில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இன்று அம்மாவின் தொழிற்சாலையில் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன். பார்வையாளர் அறையில் மடியில் வைத்து எழுதுவதால் கையெழுத்தை மன்னிக்கவும்.

இன்று குடும்ப தினம். மூன்று வருடமாகக் கான்டிராக்டில் இருக்கும் அம்மா செய்த சவ்வு இன்று சோதனையில் பாஸானால் பெர்மனன்ட் ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எரிபொருள் மின்கலத்தின் நடுவில் வைக்கும் சவ்வு அது. புரோட்டானை மட்டும் போகவிட்டு வாயுவைத் தடுத்துவிடும். சோதனைக்கு முன் சுத்த நீர்த் தொட்டிகளில் ஊறவைப்பார்கள். எங்களுக்கும் வெள்ளை அங்கி, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி உள்ளே அழைத்துப்போனார்கள், அந்த அங்கியில் அப்பா பூசைக்கு உதவி செய்பவர் போலவே இருந்தார், அவருக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டதோ என்னவோ, வேளாங்கண்ணித் தீர்த்தப் புட்டியை எடுத்து, அம்மா "ஐயோ, இன்னா பண்றீங்க!" என்பதற்குள் ஒரு தொட்டியில் மூன்று முறை தெளித்துச் சிலுவையும் போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது: ஃபெயில், சவ்வில் உப்பு. தீர்த்தத்தில் உப்புப் போட்டுத்தான் மந்திரிப்பார்கள் என்பது அப்பாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் என்பதால் சூப்பர்வைசர் கோதண்டம் சார் அதற்கேற்ப விளக்கினார்.

"லூர்து அண்ணே, உப்பு உள்ள பூந்து சீட்டு ஃபுல்லா குந்திக்கும். அப்பால புரோட்டான் எங்க ஏறும்?"

"பின்னாடி தொங்கிக்கினு வரச் சொல்லு சார். நம்ம வண்டில பதிமூணு பேரு வர்றாங்க."

அம்மா சிரிக்கவில்லை. "வூட்டுக்கு வாங்க, வச்சிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். மேனேஜர் ஆர்டரை உறையோடு இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "தப்பு என்னுது சார், மேரிக்கு ஒண்ணும் தெரியாது" என்று அப்பா நான்கு முறை சொன்னார். திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம். ஆகவே மாமா, நீங்கள் இதே கம்பெனியின் ஓசூர் கிளையில் இருப்பதால் மேனேஜருக்குப் போன் செய்து, எங்கள் குடும்பத்தில் அப்பாவைத் தவிர மற்ற எல்லோரும் விதிகளை மதிப்பவர்கள் என்று சொல்லவும்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டி ஃபிரடிக்கு முத்தம். மாதா உங்கள் வீட்டையும் ஓசூர் கிளையையும் காப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
எவாஞ்சலின்

பி.கு.: சுவரில் ஒட்டியிருக்கும் முடிவுத் தாளை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். ஃபெயிலான சவ்வு ஊறியது இரண்டாம் தொட்டியில். அப்பா தெளித்தது ஒன்றாம் தொட்டி. இரண்டாம் தொட்டியில், சவ்வு எவ்வளவு மெல்லிசு என்று பார்க்கக் கையுறையைக் கழற்றிவிட்டு விரலை விட்டது நான். கேட்டுக்கு வெளியே உப்பு, மிளகாய்த்தூள் தடவிய கொய்யா சாப்பிட்டிருந்தேன், கை கழுவவில்லை. நான் விரலை விட்டதை அப்பா பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் நான்கு முறை 'தப்பு என்னுது' என்றிருக்கிறார். ஆகவே போனில் 'அப்பாவைத் தவிர' என்ற இடத்தில் 'எவாஞ்சலினைத் தவிர' என்று மாற்றிச் சொல்லவும். நானே மேனேஜரிடம் போய்ச் சொல்ல எழுந்தேன், அவர் தன் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.